கையைக் கட்டி நிற்கும் சீனியர்

தென்காசி பஸ்ஸில் பக்கத்து சீட் பையன் மடியில் லேப்டாப். பிளஸ் டூ முடித்த கையோடு சாஃப்ட்வேர் பயிற்சிக்குப் போனவனாம்.

“சீனியர் எப்படிச் சொல்லித் தருவார்?” என்றேன்.

“கீபோர்டைத் தொடவே மாட்டார் அண்ணாச்சி. எர்ரர் வந்தா கையைக் கட்டிக்கிட்டு நிப்பார். ‘கடைசி வரியைச் சத்தமா படி’ம்பார். படிச்சாலே பாதி தெரிஞ்சிடும்.”

திரையில் சிவப்பாக ஒரு வரி. பட்டியலில் இருப்பது பத்துப் பெயர், இவன் பதினொன்றாவதைக் கேட்டிருக்கிறான். சிரித்துக்கொண்டே ஒன்றைக் கழித்தான். ஓடிவிட்டது.

இப்படிக் கூடவே இருந்து தொழில் பழகும் அப்ரண்டிஸ் என்றாலே நமக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப், ஃபிட்டர், டர்னர்தான் ஞாபகம் வரும். அப்ரண்டிஸ் சட்டமே 1961இல் வந்ததுதானே.

கோடிங்கும் கைத்தொழில்தான். பக்கத்தில் ஆள் நின்றால் சீக்கிரம் படியும். சாஃப்ட்வேர் கம்பெனி சோஹோ இதைச் சுமார் 20 வருடமாகச் செய்கிறது: ஃபீஸ் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை, பிளஸ் டூவோ டிப்ளமோவோ போதும். நாலு வருடம் பணம் கட்டிப் படித்துவிட்டு, வேலையில் சேர்ந்தபின் மறுபடி டிரெயினிங் எடுப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

அவன் அம்மாவுக்குத்தான் ஒரு குறை. கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் என்ன போடுவதாம்?