விசேட கோச்சி வந்த காலையும் கச்சான் அம்மாவும்

முதல் நாள் இரவே கமெராப் பையை விறாந்தையில் வைத்துவிட்டுத்தான் படுத்தேன். ஏசி அறையில் கிடந்த லென்ஸை விடியற்காலையில் வெளியே எடுத்தால் திருகோணமலைக் காற்று அடுத்த நொடியே அதன்மேல் ஆவியாகப் படிந்துவிடும். துடைக்கத் துடைக்கப் படியும். தெளிவதற்குப் பத்து நிமிடமாவது வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விசேட வண்டி ஸ்டேஷனுக்குள் நுழைந்த காட்சி முழுவதையும் அப்படித்தான் இழந்தேன். அன்றிலிருந்து பை விறாந்தையில்தான் தூங்கும்.

இந்த முறை வந்தது, வெளிநாட்டு ரயில் ரசிகர் குழு ஒன்று தனியாக வாடகைக்கு எடுத்த வண்டி. ஹபரணைப் பக்கம் தங்கிவிட்டு, காலையில் கல்லோயாச் சந்தியில் ஏறி எங்கள் ஊருக்கு வருகிறார்கள் என்று தகவல். முன்னால் கனடா எஞ்சின். அது போதும் எனக்கு. அந்தச் சனிக்கிழமைக்கு வைத்திருந்த வேலை எல்லாவற்றையும் தள்ளிப் போட்டேன்.

கனடா எஞ்சின் என்றால் எம்2 வகை. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இலிருந்து கனடா இலங்கைக்குக் கொடுத்தவை. அதனால்தான் பலவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர். 570 அல்பேர்ட்டா, 591 மனிற்றோபா. பிறகு வந்தவற்றில் ஒன்றுக்குக் காங்கேசன்துறை என்று எங்கள் பக்கத்துப் பெயரும் விழுந்தது, அது 628. எழுபது வருடத்துக்குமுன் வந்த இயந்திரம் இன்னும் பெட்டி இழுக்கிறது என்பதைத் தொழிற்சாலையிலும் ஷெட்டிலும் கிரீஸ் படிந்த கைகளோடு நிற்பவர்களின் வேலையாகத்தான் நான் பார்க்கிறேன். மனிற்றோபாவின் கதை எல்லோருக்கும் தெரியும். 2004 மார்கழி 26ஆம் திகதி, சுனாமியன்று, பெரலியவில் கடல் அள்ளிய அந்த வண்டியின் முன்னால் நின்றது அதுதான். அதைத் திரும்ப எடுத்து, திருத்தி, தண்டவாளத்தில் ஏற்றினார்கள். ஒருமுறை கொழும்புக் கோட்டையில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். படம் எடுக்க மனம் வரவில்லை. இரும்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் எங்கள் ஊருக்குள்ளும்தான் வந்தது.

சரி, விசேட கோச்சிக்கு வருகிறேன்.

கந்தளாயில் இருக்கும் நண்பன் ஏழரை தாண்டி போன் எடுத்தான். "மச்சான், கனடாக்காரன் இப்பதான் போறான். மெதுவாத்தான் போறான்." மெதுவாகத்தான் வரவேண்டும். கல்லோயாவிலிருந்து இங்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர், அதில் பாதி காடு. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் இரவில் போன மட்டக்களப்பு வண்டியில் மோதி ஆறு யானைகள் செத்துப்போனதை யாரும் மறக்கவில்லை. விசேட வண்டி பிந்தினால் நான் குறை சொல்வதில்லை.

எங்கே நின்று எடுப்பது என்பதில்தான் எப்போதும் மனப்போராட்டம். தம்பலகாமத்தில் வயலுக்கு நடுவே எடுக்கலாம். சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் பக்கத்தில், துறைமுகத் தண்ணீரின் மினுக்கத்தோடு எடுக்கலாம். குழுவில் வந்தவர்கள் வழியிலேயே இரண்டு மூன்று இடங்களில் இறங்கி, வண்டியைப் பின்னால் போகச் சொல்லி, திரும்ப ஓடி வரவைத்து எடுத்திருப்பார்கள். வாடகை வண்டியில் அதற்கு வசதி உண்டு. படங்களும் அழகாக வரும், பச்சை வயல், தனி வண்டி, ஆள் நடமாட்டமே இல்லாமல். நான் ஸ்டேஷனையே தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்கிறேன்.

காரணம் என் அம்மப்பா. இந்த ஸ்டேஷனில் பொயின்ற்ஸ்மேனாக வேலை பார்த்தவர். பாதை மாற்றும் நெம்புகோலை இழுத்து இழுத்து வலது உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. 1927இல் இந்தப் பாதை திறந்த காலத்திலிருந்து வேலை செய்த மூத்தவர்களோடு பழகியவர். கரிக்கோச்சி நாட்களைப் பற்றி அவர் சொல்லும்போது மூக்கைச் சுருக்குவார், கரி வாசம் இன்னும் அங்கே இருப்பதுபோல. வெள்ளை வேட்டியோடு முதல் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது புள்ளிமான்தான் என்பார். அவர் ஸ்டேஷனில் நிற்கும் படம் ஒன்றாவது இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டேன். ஒன்றும் இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த முகம் மட்டும்தான். அந்த மேடையில் முப்பது வருடம் நின்ற மனிதர், மேடையில் நின்றதற்கு ஒரு சாட்சியும் இல்லை.

பிறகு வந்த காலம் தெரிந்ததுதானே. கடற்படைத் தளமும் விமானத் தளமும் இருக்கும் ஊரில், போர் நேரத்தில், தமிழ்ப் பொடியன் ஒருவன் கழுத்தில் கமெராவோடு நடப்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு சோதனைச் சாவடியில் என் முதல் கமெராவின் பிலிம் சுருளை வெளியே இழுத்து வெயிலில் பிடித்தார்கள். அதில் இருந்தது ஸ்டேஷன் மணியும் ஒரு நாயும். அந்த நாட்களில் எங்கள் ஸ்டேஷனை எங்கள் ஆட்கள் யாரும் படம் எடுக்கவில்லை. வண்டியே விட்டு விட்டுத்தான் ஓடியது.

ஆகவே விசேட வண்டி வந்தால் நான் மேடையில்தான் நிற்பேன்.

எட்டு மணிக்குப் போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, பிளாட்போம் டிக்கட்டும் எடுத்துக்கொண்டேன். நல்ல மனிதர், என்னை "மல்லி" என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் தம்பி. "மஞ்சள் கோட்டுக்கு இஞ்சால நில்லுங்க மல்லி, அவ்வளவுதான்" என்றார். கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை என்பதோடு இன்னொரு பலனும் உண்டு. வண்டி எந்தப் பாதையில் வரும், எஞ்சின் கழற்றுவார்களா, எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அன்று மேடையில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர் சைக்கிளோடு. பேரனைத் தோளில் வைத்த ஒரு ஐயா. அப்புறம் கச்சான் அம்மா. கோணேசர் கோயில் திருவிழா என்றால் அங்கே இருப்பார், மற்ற நாட்களில் வண்டி நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில். சுளகில் வறுத்த கச்சான் குவியல், அதன் ஓரத்தில் பழைய கொப்பித் தாளில் சுற்றிய சுருள்கள் வரிசையாக. அன்று சுருள் சுற்றிய தாள்கள் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பி. பிரித்தல் கணக்குகளும் சிவப்புப் பேனாச் சரிகளும் வெளிப்பக்கம் தெரிந்தன.

முதலில் வந்தது சத்தம். இப்போது ஓடும் புதிய எஞ்சின்கள் இரைந்துகொண்டு வரும். கனடா எஞ்சின் அப்படி இல்லை. பன்னிரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். தூரத்தில் நெல்லு மில் ஓடுகிறமாதிரி ஒரே தாளத்தில், அடிவயிற்றில் கேட்கும். அந்த ஐயா பேரனிடம், "கேக்குதோ? நான் கலியாணம் முடிச்சு வந்ததும் இதே சத்தத்திலதான்" என்றார்.

வண்டி உள்ளே வந்தது. சாரதியின் உதவியாளர் டப்லட் வளையத்தை நீட்ட, மேடையில் நின்றவர் கையைக் கொடுத்து வாங்கினார். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் காப்பது அந்த வளையத்தோடு வரும் உலோக வில்லைதான். அது கையில் இல்லாமல் எந்த வண்டியும் அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்படாது. கை மாறும் அந்த அரை நொடியை நான் 1/500 நொடி வேகத்தில் எடுத்தேன். இரண்டு கைகளும் வளையத்தில் இருக்கின்றன, யார் கொடுக்கிறார் யார் வாங்குகிறார் என்று படத்தில் சொல்ல முடியாது.

எஞ்சினின் நெற்றியில் காலை வெயில் நேரே விழுந்திருந்தது. பூச்சின் கீழே பழைய பூச்சு, அதன் கீழே இன்னொன்று. ஆணித் தலைகளைச் சுற்றி எண்ணெய்க் கறை. படியின் நடுப்பகுதி, எழுபது வருடம் கால் வைத்து வைத்து, தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னியது. அதற்கு மட்டும் மூன்று படம்.

அதன்பிறகுதான் சிக்கல் வந்தது. குழுவினர் இறங்கி மேடையின் கோடியில் முக்காலிகளை வரிசையாக வைத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஒருவர் வாயில் விரலை வைத்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. அவர்களின் வழிகாட்டி வந்து, ஐந்து நிமிடத்துக்கு எல்லோரும் விலகி நில்லுங்கள், படத்துக்குள் ஆள் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்கள். ஐயாவும் போனார். கச்சான் அம்மா சுளகைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தார்.

அவர்கள் கேட்டதில் தவறு சொல்ல மாட்டேன். எஞ்சினின் ஒவ்வொரு ஆணியும் தெரிய ஒரு சுத்தமான படம், அதுவும் ஒரு ஆவணம், ஐம்பது வருடம் கழித்து யாரோ ஒருவர் அதைப் பார்த்து எஞ்சினைத் திருத்தவும் கூடும். ஆனால் திருகோணமலை மேடையில் ஆளே இல்லாத படம் எங்களிடம் ஏற்கெனவே முப்பது வருடத்துக்கு இருக்கிறது.

அவர்கள் படம் எடுத்து முடியும்வரை பொறுத்திருந்தேன். எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துப் பாதையால் சுற்றி மறு தலைப்பில் பூட்ட இருபது நிமிடம் ஆகும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லியிருந்தார். கடைசி ஸ்டேஷனில் மட்டும் கிடைக்கும் வாய்ப்பு இது. வரும்போது சாரதி அறைப் பக்கத்துக் குட்டை மூக்கு முன்னால், திரும்பும்போது இயந்திரம் இருக்கும் நீண்ட மூக்கு முன்னால். ரசிகர்களுக்கு நீண்ட மூக்கு அவ்வளவு பிடிப்பதில்லை, முக்காலிகளை மடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். மேடை மறுபடி எங்கள் ஆட்களால் நிறைந்தது.

கச்சான் அம்மா கேட்டார். "நான் நிக்கட்டோ தம்பி, போகட்டோ?"

"நில்லுங்கோ அம்மா. நீங்கள் நிக்கிற இடத்திலயே நில்லுங்கோ."

குந்திக்கொண்டு, சுளகின் உயரத்துக்குக் கமெராவை இறக்கினேன். 50 மில்லிமீற்றர் லென்ஸ், துளை எப்/4. எஞ்சினில் குவியம் வைக்கவில்லை. அம்மாவின் கையில் வைத்தேன், சுருளின் வாயை மடித்து மூடும் அந்த விரல்களில். பின்னால் நீண்ட மூக்கு மெல்ல நகர்ந்து வந்தது. மங்கலாகத்தான், ஆனால் அது என்ன என்று யாருக்கும் சந்தேகம் வராத அளவுக்கு. புகைபோக்கிக்கு மேலே காற்று கானல் மாதிரி நெளிந்தது. எட்டு படம் எடுத்தேன், ஆறாவதில் அம்மா தலையைத் திருப்பி எஞ்சினைப் பார்க்கிறார்.

நீராவி எஞ்சினுக்கு இங்கே இன்னொரு சங்கடம் உண்டு, இதைச் செய்ய நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தெமட்டகொடை ஷெட்டில் வைத்துக் காப்பாற்றும் பழைய கரி எஞ்சின்கள் வாடகை ஓட்டத்துக்கு வெளியே வரும்போது மலைநாட்டில் படம் எடுத்தால், குளிருக்கு நீராவி பஞ்சுப் பொதியாகத் திரளும். நானு ஓயாவில் ஒரு காலை போதும். எங்கள் ஊர் வெயிலில் நீராவி வெளியே வந்தவுடன் காற்றோடு கரைந்துவிடும், படத்தில் வெறும் எஞ்சின்தான் இருக்கும். கார்த்திகை மார்கழி மழை நாட்களில் எடுத்தால் மட்டும் கொஞ்சம் தப்பும். கறுப்பு எஞ்சின் சட்டத்தை நிறைத்து நின்றால் கமெரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், கறுப்பு சாம்பலாகிவிடும். ஒரு படி குறைத்து எடுங்கள். வீடு வந்ததும் லென்ஸின் முன்கண்ணாடியைத் துடைக்க மறக்க வேண்டாம், கடல் உப்பு விட்டுவைக்காது.

வண்டி பதினொரு மணிக்கு முன்னால் புறப்பட்டுப் போனது. கடைசிப் பெட்டியின் பெரிய கண்ணாடி வழியே, சத்தம் பதிவு செய்த அந்த மனிதர் கை காட்டிக்கொண்டே போனார். பிள்ளைகள் சைக்கிளில் பாதையோரமாகக் கொஞ்சத் தூரம் விரட்டினார்கள்.

அடுத்த வாரம் ஆறாவது படத்தை பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மாலை, இரவுத் தபால் வண்டி நேரம். கச்சான் அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். தன் முகத்தைப் பார்க்கவில்லை. எஞ்சினையும் பார்க்கவில்லை. விரலை வைத்துச் சுளகு ஓரத்துச் சுருள்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பதினாலு இருந்திருக்கு" என்றார். "எல்லாம் அண்டைக்கே முடிஞ்சுது தம்பி. அந்த வெள்ளைக்காரர் மட்டும் ஆறு வாங்கினவர், காதில வயர் போட்டுக்கொண்டு நிண்டவர்."