சோறு காயும் நேரம்

2019 மார்ச் மாதத்தில், கோயம்புத்தூரில் பதினொரு ஆண்டுகள் பார்த்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் வீட்டோடு தங்கிவிட்டேன். அந்த வேலையை நான் வெறுக்கவில்லை. வீட்டுக் கடனை அடைத்ததும் தங்கையின் கல்யாணத்தை நடத்தியதும் அந்தச் சம்பளம்தான். ஆனால், ஒன்பது வயதில் கற்கத் தொடங்கிய மிருதங்கம் அத்தனை ஆண்டுகளும் உறைக்குள்ளேயே கிடந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைப் பெருவெம்பாவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். செண்டையும் மத்தளமும் மிருதங்கமும் தலைமுறைகளாகச் செய்துவரும் ஊர் அது. அங்கிருந்த பெரியவர் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "வாசிக்காமயே வெச்சிருந்தீங்களா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிறகு அதன் நடுவில் கறுப்பு வட்டமாக இருந்த பழைய கரணையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கல் பொடியோடு பிசைந்த சோற்றை விரல் நுனியால் மெல்லிய பூச்சாகத் தடவி, வழவழப்பான கல் ஒன்றால் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு பூச்சு தேய்த்துத் தேய்த்துக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. அப்படித் தேய்ப்பதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்தால்தான் கரணை இறுகிப்போகாமல் தோலோடு சேர்ந்து அதிரும், நாதம் பேசும். கொஞ்சம் வேகமாக முடிக்கலாமா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பகல் முழுவதையும் அரைமணி அரைமணியாக நறுக்கிக் கூட்டங்களுக்குக் கொடுத்துவந்த எனக்கு, ஒரு வேலை தனக்கு வேண்டிய நேரத்தைத் தானே எடுத்துக்கொள்வதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. திரும்பும் வழியிலேயே முடிவெடுத்துவிட்டேன்.

முடிவெடுத்த மறுநாளே விலகிவிடவில்லை. ஒன்றரை ஆண்டுச் செலவுக்கான பணம் சேரும்வரை பொறுத்திருந்தேன்; ஓர் ஆண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் வந்த பணிக்கொடையும் கைகொடுத்தது. இன்றைக்கு வீட்டுச் செலவைத் தாங்குவது மாணவர்களுக்கு எடுக்கும் வகுப்புகளும் நடன அரங்கேற்றங்களுக்கு வாசிப்பதும்தான். இணையத்தில் வெளியிடும் பாட்டுகளால் வருவது மிகச் சொற்பம். ஆனாலும் அவை என்னுடையவை. பணியில் இருப்பவர் தன் பணியின் பகுதியாக எழுதுவது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே உரியது என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். பதினொரு ஆண்டுகள் நான் எழுதிய நிரல்களில் ஒரு வரிகூட என்னுடையதில்லை.

மைக்கை விரும்பாத மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் ஊர்ப்பக்கத்தில், நான் மைக்கை நம்பித்தான் பிழைக்கிறேன். மார்கழியிலும் தையிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று பனைமரங்களை உலுக்கி எடுப்பதால், ஜன்னல்களில் ஜமுக்காளம் தொங்கவிட்டு, விடியற்காலை இரண்டு மணிக்குமேல்தான் பதிவு செய்ய முடிகிறது. வலந்தலையில் அவ்வளவு நிதானமாகச் சோறு காய்ந்த அதே மிருதங்கத்தில், இடப்பக்கமான தொப்பியில் பிசைந்து ஒட்டும் ரவை இந்தக் காற்றுக்குச் சட்டென்று வறண்டுவிடுகிறது. பாதிப் பாட்டில் நிறுத்தி, அதை ஈரக்கையால் தொட்டுப் பதப்படுத்திக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறேன்.