சலேத் மாதாவும் உருளைக்கிழங்கும்

வத்தலக்குண்டில் பஸ் ஏறியதிலிருந்தே நான் புலம்பிக்கொண்டு வந்தேன். ஜன்னல் சீட் கிடைக்கவில்லை, கண்டக்டரிடம் சில்லறை இல்லை, காலையில் போட்ட காப்பி ஆறிப்போயிருந்தது. பக்கத்தில் என் மாமியார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பஸ் நகர்ந்ததும் நெற்றியில் சிலுவை போட்டு, "தோத்திரம் ஆண்டவரே" என்றார். காமக்காபட்டி தாண்டி மலை ஏறியபோது ஒரு தோத்திரம். வெள்ளி அருவி கண்ணில் பட்டதும் இன்னொன்று.

வீட்டிலும் அப்படித்தான். அடுப்பு பற்றினால் தோத்திரம், குழாயில் தண்ணீர் வந்தால் தோத்திரம். அது அவருக்கு வாய்ப்பழக்கம் என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

என் கணவருக்குப் போன வருஷம் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தால் கொடைக்கானல் சலேத் மாதா கோவிலுக்கு வருவதாக நேர்ந்துகொண்டோம். ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் அங்கே திருவிழா. அந்தக் கூட்டத்தில் அத்தையின் முழங்கால் தாங்காது என்று, திருவிழா முடிந்து சில வாரம் கழித்து ஒரு சாதாரண வியாழக்கிழமை போனோம். மூடுபனி கோவிலைப் பாதி மறைத்திருந்தது. உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. மெழுகுதிரி ஏற்றி, நேர்ச்சையைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தேன். நன்றி சொல்லத்தான் வந்தேன். ஆனால் இரண்டு நிமிஷத்தில் அது மகளின் காலேஜ், வீட்டுக் கடன், மழையில் ஒழுகும் சுவர் என்று மனுவாக மாறிவிட்டது.

வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்ததும், அத்தை சலேத் கதையைச் சொன்னார். முன்பே கேட்ட கதைதான், ஆனால் அன்றுதான் காதில் விழுந்தது. 1846 செப்டம்பர் 19, பிரான்ஸ் நாட்டில் லா சலேத் என்ற ஊர் மலையில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள். மெலானிக்கு 14 வயது, மாக்சிமினுக்கு 11. முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்மணியைப் பார்க்கிறார்கள். அவர் மாதா. முதலில் பிரெஞ்சு மொழியில் பேசுகிறார். பேச்சில் உருளைக்கிழங்கு வருகிறது. முந்தின வருஷம் அந்தப் பக்கம் கிழங்கெல்லாம் அழுகிப்போயிருந்தது. அழுகலைக் கண்ட ஜனங்கள் தம் மகன் இயேசுவின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள் என்று மாதா வருந்துகிறார். மெலானிக்கு அந்தப் பிரெஞ்சு வார்த்தை விளங்கவில்லை. அது தெரிந்ததும் மாதா பிள்ளைகளின் ஊர்ப்பேச்சுக்கே மாறிவிடுகிறார்!

இதில்தான் நான் நின்றுபோனேன். விண்ணரசி, கிழங்கு என்ற ஒரு வார்த்தைக்காகத் தன் பேச்சை மாற்றிக்கொண்டார். சமையலறையில், சந்தையில், வயலில் நம் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கேட்க வந்தவர், அந்த இடத்துப் பேச்சிலேயே கேட்டிருக்கிறார்.

அப்புறம் பிள்ளைகளிடம், செபம் ஒழுங்காகச் சொல்கிறீர்களா என்று கேட்டாராம். பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். காலையிலும் இரவிலும் ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறை மந்திரமாவது சொல்லுங்கள், நேரம் இருந்தால் இன்னும் அதிகமாகச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான் கேட்டார். அவர் மார்பில் தொங்கிய சிலுவையில் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. ஆணியை அடிப்பது ஒன்று, பிடுங்குவது ஒன்று. என் நாக்கு இத்தனை நாளாக எதைப் பிடித்திருந்தது என்று யோசித்தபோது கண் கலங்கியது.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கிரெனோபிள் ஆயர் இந்தக் காட்சியை 1851-ல் ஏற்றுக்கொண்டார். கொடைக்கானல் கோவில் 1866-ல் எழுந்தது. காட்சி நடந்து இருபதே வருஷத்தில், கடல் தாண்டி நம் பழனி மலைத்தொடருக்கு! கிழங்கும் பூண்டும் விளைகிற மலைக்கு அந்த அம்மா வந்தது எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது.

"அத்தை, எல்லாத்துக்கும் தோத்திரம் சொல்றீங்களே, மாமா போன அன்னைக்கும் சொன்னீங்களா?" என்று கேட்டேன். இதுவரை கேட்கத் துணியாத கேள்வி.

கொஞ்ச நேரம் ஜெபமாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்குச் சொல்ல முடியலம்மா. மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை காப்பி கொண்டு வந்து குடுத்துச்சு. அதுக்குச் சொன்னேன்."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று பைபிளில் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைப் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு டம்ளர் காப்பியிலிருந்து அதைத் தொடங்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இறங்கும் வழியில் இரண்டு கிலோ மலை உருளைக்கிழங்கு வாங்கினோம். தோலில் ஈர மண் அப்படியே ஒட்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் குழம்புக்கு நறுக்க உட்கார்ந்தேன். மூன்றாவது கிழங்கு வெளியே பளபளவென்று இருந்தது. கத்தி இறங்கியதும் நடுவில் கறுப்பு. "சனி..." என்று வாய் வந்துவிட்டது. பாதியில் நிறுத்தினேன். கூடத்தில் அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தார். கத்தி நுனியால் கறுப்பைத் தோண்டி எடுத்தேன். முக்கால்வாசி நல்லதாகத்தான் இருந்தது. "தோத்திரம் ஆண்டவரே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அதைத் தண்ணீரில் போட்டேன்.