சோள அவலுக்கு ஒரு பிறப்புப் பத்திரம்

அம்மாவின் மிக்சரை பாரிஸுக்கு அனுப்ப எனக்கு ஏழு மாதம் ஆனது. கப்பலும் சுங்கமும் எடுத்துக்கொண்டது கொஞ்ச நாள்தான். மற்றதெல்லாம் மிக்சரில் சேரும் மக்காச்சோள அவலுக்கே போனது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த காலத்திலேயே அம்மா தீபாவளிக்கு மிக்சர் போட்டு விற்றார். இப்போது டவுன் ஓரத்தில் உரிமம் பெற்ற சிறு பட்டறை வைத்திருக்கிறோம். பாரிஸின் லா சப்பல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஈழத்து அண்ணன் ஒருவர், உறவினர் கொண்டுபோன பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு அழைத்தார். "ருசியில் குறையே இல்லை, தங்கச்சி. ஆனால் சோளம் எந்த நாட்டுச் சோளம், மரபணு மாற்றியதா இல்லையா என்று எழுத்தில் வேண்டும். அது இல்லாமல் நான் இறக்க முடியாது."

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென 2003இல் இரண்டு விதிமுறைகள் வந்தன. ஒன்று, மரபணு மாற்றிய உணவுக்கு அனுமதியும் லேபிளும் கேட்கிறது. மற்றொன்று, அந்தப் பொருள் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் அதன் விவரம் எழுத்தில் கூடவே போக வேண்டும் என்கிறது. அந்தத் தாள்களை ஐந்து ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். லேபிள் ஒட்டி அனுப்பலாமே என்று கேட்டேன். ஒட்டினால் தன் வாடிக்கையாளர்கள் தொடமாட்டார்கள் என்றார்.

எங்கள் பட்டியலில் பொட்டுக்கடலைக்கும் கடலை மாவுக்கும் கவலை இல்லை. மரபணு மாற்றிய கொண்டைக்கடலை எங்கும் வணிகமாகப் பயிராவதில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனையும் அப்படியே. சிக்கல் இரண்டு இடத்தில் இருந்தது: சோள அவல், பிறகு எண்ணெய்.

ஈப்போவில் நாங்கள் வாங்கும் மொத்த வியாபாரியிடம் போனேன். அவர் தந்த ரசீதில் 'சோள அவல், நான்கு மூட்டை' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "அது கலந்து வருவது, தங்கச்சி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்கா, பிரேசில், அர்ஜெண்டினா ஆகிய நாடுகளில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி மரபணு மாற்றியது. பல பண்ணைகளின் சோளம் ஒரே கிடங்கில் கொட்டப்பட்டு ஒரே கப்பலில் ஏறுகிறது. 2000இல் மாண்ட்ரியலில் ஏற்கப்பட்டு 2003இல் நடப்புக்கு வந்த கார்டஹேனா நெறிமுறை, மரபணு மாற்றிய உயிரிகள் நாடு விட்டு நாடு போவது பற்றிய உலக ஒப்பந்தம்; அதில் மலேசியாவும் சேர்ந்திருக்கிறது. உணவுக்கும் தீவனத்துக்கும் போகும் இத்தகைய சரக்கின் தாள்களில் 'மரபணு மாற்றிய உயிரி இருக்கலாம்' என்று குறிக்க வேண்டும் என்கிறது அது. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. எந்தச் சோளம், எந்த சோயா உள்ளே வரலாம் என்று தேசிய உயிரிப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து அனுமதி தருகிறது. ஆக, துறைமுகம் வரை அந்த 'இருக்கலாம்' என்ற சொல் வருகிறது. ஆலைக்குப் போய், மூட்டையாகி, ஈப்போ வந்து, என் கையில் ரசீதாகும்போது அதைக் காணவில்லை. எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

சோதனை செய்து பார்க்கலாம் என்று ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பொட்டலம் மிக்சரையே அனுப்பினேன். அது வீண் செலவு. தற்செயலாகக் கலந்தது இந்த அளவைத் தாண்டாவிட்டால் லேபிள் வேண்டாம் என்ற ஐரோப்பிய வரம்பான 0.9 விழுக்காடு மொத்த மிக்சருக்கு இல்லை; ஒவ்வொரு சேர்மானத்துக்கும் தனித்தனி. மிக்சரில் சோளம் கைப்பிடிதான் இருக்கிறது என்று சமாதானம் சொல்ல முடியாது. அந்தக் கைப்பிடிச் சோளத்துக்குள் எவ்வளவு என்பதே கேள்வி. இதைப் புதிதாக இறங்குகிறவர்கள் தயவுசெய்து முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் முறை அவலை மட்டும் அனுப்பினேன். அறிக்கையில் காலிஃபிளவர் மொசைக் வைரஸின் 35எஸ் என்ற மரபணுத் துண்டு இருப்பதாக வந்திருந்தது. வைரஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டார். அது நோய்க் கிருமி இல்லை, செருகிய மரபணுவை இயங்கவைக்க அந்த வைரஸிலிருந்து எடுத்த சிறு துண்டு, பல மரபணு மாற்றப் பயிர்களில் இருப்பதால் அடையாளமாகத் தேடுகிறார்கள் என்று ஆய்வுக்கூடப் பெண் பொறுமையாக விளக்கினார். அளவு பார்த்தபோது ஒரு விழுக்காட்டுக்கு மேல், இரண்டுக்குக் கீழ். மலேசியாவின் லேபிள் வரம்பு 3 விழுக்காடு. அதே மூட்டை சுங்கை சிப்புட்டில் லேபிள் இல்லாமல் விற்கலாம், பாரிஸில் விற்க முடியாது.

எண்ணெய் இன்னும் சங்கடம். நாங்கள் வாங்கியது செம்பனையும் சோயாவும் கலந்தது. சுத்திகரித்த எண்ணெயில் சோதிக்கப் போதிய டி.என்.ஏ. மிஞ்சுவதில்லை, ஆனாலும் மரபணு மாற்றிய சோயாவிலிருந்து வந்திருந்தால் ஐரோப்பாவில் லேபிள் வேண்டும். அங்கே கருவி பேசாது, தாள் மட்டுமே பேசும். தனிச் செம்பனை எண்ணெய்க்கு மாறினோம். மிக்சரின் மொறுமொறுப்பு குறையவில்லை.

என் சித்திக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே ரப்பர்ப் பால் வெட்டி, அறுபது வயது வரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தார். எங்கே பிறந்தாய் என்பதற்கு அவர் முகம், பேச்சு, அக்கம்பக்கத்தார் எல்லாரும் சாட்சி. தாள் மட்டும் இல்லை. அவரோடு பதிவு அலுவலகத்துக்கு அலைந்த நாள்கள்தான் எனக்கு இந்த வேலையில் கைகொடுத்தன. யாரிடம் எந்தத் தாள் இருக்கும், அதை அவர் யாரிடமிருந்து வாங்கியிருப்பார் என்று பின்னோக்கி நடக்கப் பழகியிருந்தேன்.

வழி இந்தியாவில் கிடைத்தது. அங்கே மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைப் பயிரிட அனுமதி இல்லை. 2021 மார்ச் முதல் 24 பயிர்களின் இறக்குமதிக்கு, மரபணு மாற்றாதது என்ற சான்றிதழையும் அந்நாடு கேட்கிறது. கிள்ளானில் உள்ள இறக்குமதியாளர் ஒருவர் அந்த நாட்டு ஆலை அவலைத் தருவித்தார். ஆலையின் உறுதிக் கடிதம், சோளம் வாங்கிய ஊர், மூட்டையின் தயாரிப்புத் தொகுதி எண் மூன்றும் கேட்டேன். முதல் கடிதத்தில் தொகுதி எண் விடுபட்டிருந்ததால் திருப்பி அனுப்பினேன்; மூன்று வாரம் போனது. மறுசோதனையில் எதுவும் தென்படவில்லை.

மரபணு மாற்றிய பயிர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. கப்பலில் வரும் அந்த ஒரு சொல் மூட்டையிலும் ரசீதிலும் அச்சாக வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பெரிய ஆலைக்கு இதற்கென ஆள் இருக்கிறது. வீட்டு அடுப்பில் தொழில் செய்யும் பெண்களுக்கு இல்லை.

நாற்பது பெட்டி போய்ச் சேர்ந்தது. அண்ணன் இரண்டாம் முறைக்கும் கேட்டிருக்கிறார். புது மூட்டை வந்தால் தொகுதி எண்ணும் புதிது, தாள்களும் புதிதாக வேண்டும். நேற்று மூட்டை இறங்கியது. தைத்த நூலைப் பிரிப்பதற்கு முன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணை வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன்.