பட்டறைக்கு லீவு, அடுப்படிக்கு இல்லை

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை வாரம் என்றால் பாதி நேரம் வேலை, பாதி நேரம் கழுவல். லேத், மில்லிங் மிஷின் எல்லாவற்றுக்கும் டீசல் குளியல் நடக்கும். வாசலுக்கு வாழைக்கன்றும் பொரி மூட்டையும் குங்குமம் அடைத்த பூசணிக்காயும் வந்து இறங்கும். டூல் ரூம் வேலையை விட்டுவிட்டு, பக்கத்து லக்கெரேயில் ஒரு ஷெட் பிடித்து ஆர்டருக்குச் சமையல் கத்தி செய்ய ஆரம்பித்த பிறகும் எனக்கு இந்த வாரம் அப்படியேதான் போகிறது. உதவிக்கு இருக்கும் ராய்ச்சூர் தம்பி போனஸையும் இனிப்புப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவான். பள்ளிக்கு தசரா விடுமுறை என்பதால் மகள் பட்டறைக்கு வந்துவிடுவாள். கொலு பார்க்க கிருஷ்ணகிரியிலிருந்து அம்மாவும் வந்துவிடுவார்.

மகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்பதை முடிவு செய்வது என் மனைவிதான். பெல்ட் கிரைண்டர் பக்கமே போகக் கூடாது. மாஸ்க் இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. தூசி பட்ட துணி வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, இது எனக்கும் சேர்த்து. மிச்சம் இருப்பது இரண்டு வேலை. பழைய கட்டில் காலிலிருந்து அறுத்தெடுத்த ஈட்டி மரக் கைப்பிடிகளை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்ப்பது ஒன்று. உலையிலிருந்து எடுக்கும் தகட்டில் நீளக் கம்பி நுனியில் கட்டிய காந்தத்தை வைத்துப் பார்ப்பது இன்னொன்று. 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தைப் பிடிக்காது. "அப்பா, விட்டுடுச்சு!" என்று அவள் கத்தினால், இன்னும் கொஞ்சம் சூடேற்றி, 840 டிகிரி சுமாருக்குப் போனதும் எண்ணெயில் தோய்ச்சல். அதன்பின் அரத்தை வைத்து இழுத்தால் பிடிக்காமல் வழுக்கும். அந்த நிலையில் கீழே விழுந்தால் உடைந்தே போகும். அதனால்தான் 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் டெம்பரிங்.

பூஜை வந்தால் எங்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. நான் அதிகம் பயன்படுத்துவது பேரிங் செய்யும் ஈஎன் 31 எஃகு. ஒரு சதவீதம் அளவுக்குக் கார்பன், ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குரோமியம். கூர் நன்றாக நிற்கும், ஆனால் துரு பிடிக்கும். ஈரச் சந்தனப் பொட்டு வைத்து ஒரு ராத்திரி விட்டால் காலையில் பொட்டுக்கு அடியில் இன்னொரு பொட்டு, துருவில். எலுமிச்சை இன்னும் மோசம், அதன் புளிப்பு எஃகை அரித்துச் சாம்பல் நிறமாக்கிவிடும். அதனால் மினரல் ஆயில் துடைத்து, பொட்டைக் கைப்பிடியில் வைக்கிறேன். அம்மாவுக்கு இது சம்மதமில்லை. "இரும்புக்குப் பொட்டு வைக்காம கட்டைக்கா வைப்பாங்க?" என்று ஒரு வருஷம், டெலிவரிக்கு இருந்த கத்தியின் நுனியிலேயே எலுமிச்சையைச் செருகிவிட்டார். ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்த வாடிக்கையாளர் அந்த மேகக் கறையைப் பார்த்துவிட்டு, "இதையே கத்தி முழுக்கப் போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை எடுக்கக் கூடாது. வீட்டுக் கத்திகளும் அங்கேதான். ஆனால் அரிவாள்மனைக்கு மட்டும் விலக்கு. "அது மட்டும் ஆயுதமில்லையா, அத்தை?" என்று மனைவி கேட்டால், "அது அடுப்படியோடது, அதுக்கு ஏது லீவு?" என்பார் அம்மா. சட்டம் அங்கே முடிந்தது.

இந்த நாட்களில்தான் நான் சும்மா உட்கார்ந்து, வெட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அம்மாவின் அரிவாள்மனை லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. நான் விற்கும் எஃகில் இருக்கும் கார்பனில் பாதி, மிஞ்சினால் சற்றுக் கூட. ஆனாலும் பீன்ஸ் ஊசி ஊசியாக விழுகிறது. அலகு அசைவதில்லை, காய்தான் நகர்கிறது. இரண்டு கையும் காயில் இருக்கின்றன, மனையைக் கால் அழுத்திக்கொள்கிறது. மனைவி மேடையில் நின்று கத்தியால் வெட்டும்போது ஒரு கைதான் மொத்த வேலையையும் செய்கிறது, மேடை உயரம் என்றால் தோளும் சேர்ந்து வலிக்கிறது. தேங்காய்க் கீற்றைச் சிரட்டையிலிருந்து நெம்புவதும் அதே கத்திதான், சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லத்தை உடைப்பதும் அதே கத்திதான்.

ஆர்டர் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். "ராக்வெல் எவ்வளவு? 62 கிடைக்குமா? டமாஸ்கஸ் வரி வருமா?" என்பார்கள். ராக்வெல் என்பது கடினத்தை அளக்கும் எண், டமாஸ்கஸ் வரி என்பது அலகில் தெரியும் அலை அலையான கோடு. 62 கடினத்தில் மெல்லிசாகத் தேய்த்த விளிம்பை வெல்லத்தின் மேல் போட்டால் பல் பல்லாக உதிரும். அந்த வெல்லத்தை உடைக்கப் போகிறவர் போனில் பேசுவதே இல்லை. டமாஸ்கஸ் வரி வெங்காயத்துக்குத் தெரியவா போகிறது? அடுப்படியைப் பார்த்தபின் டெம்பரிங் சூட்டைச் சற்றுக் கூட்டி, கடினத்தை 58 பக்கம் இறக்கிவிட்டேன். முதுகு இரண்டு மில்லிமீட்டர். கைப்பிடியை ஒட்டிய பாகத்தில் கொஞ்சம் தடிமன் விட்டுவைக்கிறேன், வெல்லமும் தேங்காயும் அங்கே. நுனியை நோக்கிப் போகப்போக மெலிந்து விளிம்புக்கருகில் கால் மில்லிமீட்டர், வெங்காயமும் தக்காளியும் அங்கே. கைப்பிடியும் சற்றுப் பருமனாகிவிட்டது, எண்ணெய்க் கையில் வழுக்குகிறது என்று மனைவி சொன்னதால்.

விடுமுறைக்கு வந்த மச்சானுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. ஷோகேஸில் வைக்க அவருக்கு ஒரு வாள் வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளை எடுத்துச் சொன்னேன். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய உபயோகங்களுக்கு அல்லாமல், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதக் கணக்கில் வரும். "நான் அதை வெச்சுத் தேங்கா வெட்டுறேன்னு எழுதிக்கோங்க மாப்ள" என்றார். செய்து கொடுக்கவில்லை. பதிலுக்குக் கேட்ட காய்கறிக் கத்தியை மேஜையில் வைத்தேன், எடுத்துக்கொண்டார். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. வாளைக் கொடுக்காததற்கு வந்த சண்டை தனி.

விஜயதசமியன்று பட்டறையைத் திறந்தால் தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இருக்காது. முதல் வேலை அம்மாவின் அரிவாள்மனைக்குச் சாணை பிடித்துப் பிசிர் எடுப்பது. பிறகு பரிசு ஆர்டர்கள். இப்போது ஆர்டர் எடுக்கும்போது நீளம், மரம் எல்லாம் கேட்பதற்கு முன்னால், வெட்டப் போவது யார், மேடை என்ன உயரம், வெல்லம் எதில் உடைப்பீர்கள் என்று கேட்கிறேன். ராக்வெல் பற்றிப் பத்து நிமிஷம் பேசியவர்கூட அங்கே நின்றுவிடுகிறார்.

"ஒரு நிமிஷம் சார், வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்."