ஏரிச் சுற்று

மே 7, 2024, செவ்வாய்

இன்று முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவு, ஊட்டிக்கும் அப்படித்தான். காலையில் கடை போடும்போது வயிற்றில் புளியைக் கரைத்தது. சீசன் வருமானத்தை வைத்துத்தான் மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. பதினோரு மணிக்கு மேல் ஏரிக்கரையில் வண்டிகள் வரிசை கட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

கீழேயிருந்து வரும் பிள்ளைகளுக்கு லீவு என்றால் மலை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு லீவு என்றால் கடை. பெரியவள் சோளத்துக்கு மட்டை உரிக்கிறாள், கரி அடுப்பை விசிறுகிறாள். பதினோரு வயது. சின்னவன் பெஞ்சில் ஏறி இறங்கி விளையாடிவிட்டு அங்கேயே தூங்கிவிடுகிறான். அவர் டாக்ஸியில் தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் என்று சுற்றிவிட்டு வரும்போது ராத்திரி பத்து ஆகிவிடுகிறது. நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு!

மே 19, 2024, ஞாயிறு

பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி. நிற்க நேரமில்லை. சாயங்காலம் சைக்கிள் வாடகைக்கு விடும் அண்ணன், "பாப்பா காலையிலிருந்து வேலை பாக்குது, ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டும்மா" என்று ஒரு சைக்கிளைத் தந்தார். போன வருஷம்தான் ஓட்டப் பழகினாள். ஏரியை முழுசாகச் சுற்ற வேண்டும் என்பது அவள் நெடுநாள் ஆசை.

பெடலில் கால் வைத்தாள். சின்னவன், "எனக்கு, எனக்கு" என்று ரோட்டிலேயே உருண்டு அழுதான். கடையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். வாயில் வந்தது இதுதான்: "நீ பெரியவதானே, விட்டுக்குடு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கினாள். தம்பியைத் தூக்கிச் சீட்டில் உட்கார வைத்து, படகுத்துறை வரை தள்ளிக்கொண்டே போய்த் திரும்பினாள்.

தூக்கம் வரவில்லை. என் அம்மா என்னிடம் சொன்ன அதே வார்த்தை. பத்தாவதோடு நான் நின்று, தம்பி காலேஜ் போனபோதும் இதைத்தான் சொன்னாள். அம்மா கெட்டவள் இல்லை, கையில் காசு இல்லை. ஆனால் அந்த வார்த்தை இன்னும் எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது. என் மகளுக்குள்ளும் அதைக் குத்தி வைத்துவிட்டேனே.

ஆகஸ்ட் 18, 2024, ஞாயிறு

சின்னவனுக்கு ஆறு முடிந்தது. கேசரி கிண்டினேன். வெளியே விடாத சாரல். சீசன் ஓய்ந்ததால் அவரும் வீட்டில் இருந்தார். எங்களுக்கு உண்மையான லீவு இந்த மழையில்தான்.

சாப்பிடும்போது பெரியவள் கேட்டாள்: "தம்பி பொறந்தப்பதானேம்மா குறிஞ்சி பூத்துச்சு?"

ஆமாம், 2018. நான் பிரசவத்துக்குப் பெரியகுளத்தில் இருந்தேன். அவளையும் அங்கே அம்மாவிடம் விட்டிருந்தோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மலை ஏறியபோது பூவெல்லாம் காய்ந்து பழுப்பேறிவிட்டது. 2006இல் சரிவு முழுக்க நீலமாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினாறு வயது.

"கிளாஸ்ல எல்லாரும் பாத்திருக்காங்க. நான் மட்டும்தான் பாக்கல." குறை சொல்லும் குரலே இல்லை. கணக்கு ஒப்பிப்பது மாதிரி சொன்னாள். அடுத்தது 2030. அவளுக்குப் பதினேழு ஆகியிருக்கும்.

தம்பி பிறந்த சந்தோஷத்தில் அவளுக்கு என்ன போனது என்று இந்த ஆறு வருஷத்தில் நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

விடியற்காலையில் ஜிம்கானா பக்கம் புல்லெல்லாம் உப்பு தூவியது போல் வெள்ளை. உறைபனி. இரண்டும் குல்லா மாட்டிக்கொண்டு ஓடின. அவன் பனியைச் சுரண்டி அக்கா கழுத்தில் போட்டான். அவளும் துரத்திப் பிடித்து அவன் சட்டைக்குள் போட்டாள். அவன் அழுதுகொண்டே என்னிடம் ஓடி வந்தான். வழக்கமாக அவளைத்தான் அதட்டுவேன். "நீதானேடா ஆரம்பிச்ச" என்றேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வை மறக்காது.

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

தைப்பூசம். பள்ளிக்கூடம் லீவு. கடையைத் திறக்க வேண்டாம் என்று நேற்றே முடிவு செய்துவிட்டோம். காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். மேகம் இல்லாததால் கீழே பழனி மலை தெரிந்தது. பாதயாத்திரை போனவர்களை நினைத்து அவர் அங்கிருந்தே கும்பிட்டார்.

மதியம் சைக்கிள்கார அண்ணனிடம் நானே போய்க் காசு கொடுத்து ஒரு சைக்கிள் எடுத்தேன். ஒன்றுதான்.

"தம்பிக்கு?" என்றாள்.

"அவன் என்கூட நிப்பான். நீ மட்டும் போ."

நம்பாமல் நின்றாள். பிறகு ஏறினாள். சின்னவன் கத்தி ஊரைக் கூட்டினான். அவர் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. ஏரிச் சுற்று ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். திருப்பத்தில் அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர் மறைந்து, அக்கரை மரங்களுக்கு நடுவே மறுபடி தெரிந்தது. அதற்குள் அழுகையை நிறுத்தியிருந்தவன், "அந்தா அக்கா!" என்று கையை ஆட்டினான்.

முகமெல்லாம் வியர்வையோடு வந்து நின்றாள். இறங்கவில்லை.

"அம்மா, இன்னொரு ரவுண்டு?"