மூன்றாவது டப்பா

இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்த ஆறாம் நாள், மலப் பரிசோதனை முடிவு வந்தது. சால்மோனெல்லா என்ற குடல் கிருமி. அதைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டில் ஆமை, பல்லி வகை, கோழிக்குஞ்சு ஏதாவது வளர்க்கிறீர்களா?"

வளர்க்கிறோம். உள்ளங்கையில் அடங்குகிற ஓர் ஆமை. ஆனால் குழந்தையை அதைத் தொட விட்டதே இல்லை; அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆமையைப் பார்த்தால் நோய் இருப்பதாகத் தெரியவில்லை. நன்றாகத் தின்றுவிட்டு, விளக்கடியில் கழுத்தை நீட்டிக் கிடந்தது. கால்நடை மருத்துவரும் அதற்கு நோய் இல்லை என்றுதான் சொன்னார். ஊர்வனவற்றின் குடலில் இந்தக் கிருமி சாதாரணமாகக் குடியிருக்குமாம். எச்சத்தோடு வெளியே வந்து தொட்டித் தண்ணீரில் கலக்கும், ஓட்டிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும்.

சரி, டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று எச்சத்தைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக் கொடுத்தேன். கிருமி இல்லை என்று வந்தது. எனக்கு ஒரே நிம்மதி. மருத்துவர் அசையவில்லை. "உள்ளே இருந்தாலும் எல்லா நாளும் வெளியே வராது. இடைவெளி விட்டு இன்னும் இரண்டு முறை எடுங்கள்" என்றார். இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது, ஆமையைப் புதுத் தொட்டிக்கு மாற்றிய மறுநாள் எடுத்தது. லேபில் கிருமியை வளர்த்த தட்டைக் காட்டினார்கள்: சிவப்பு வளர்ப்பு ஊடகத்தின் மேல், நடுவில் கறுத்த சிறு சிறு புள்ளிகள், மீன் கண்ணைப் போல. கிருமி வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடால் வரும் கறுப்பு அது. இடமாற்றம், பயணம், நெரிசல் என்று பிராணி மிரண்டால் கிருமி அதிகமாக வெளியேறலாம் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆமைக்கு மருந்து கேட்டேன். தரவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கிருமி முழுக்கப் போகாது, மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும் என்றார். மகளுக்கும் ஆன்டிபயாடிக் இல்லை, உப்புச்சர்க்கரைக் கரைசல் மட்டும்தான். குணமான பிறகும் சில வாரங்கள் அவளுடைய மலத்திலும் கிருமி வரலாம் என்று டாக்டர் சொன்னபோதுதான் திக்கென்றது. ஆமையைப் பற்றிச் சொன்னதையே இப்போது குழந்தையைப் பற்றியும் சொல்கிறார்! அப்புறம் ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம்.

தொடாத குழந்தைக்கு எப்படி வந்தது? யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது. ஆமைத் தொட்டியை வாராவாரம் நான் கழுவியது சமையலறை சிங்க்கில். அவளுடைய பால் புட்டியைக் கழுவுவதும் அங்கேதான். சிங்க்கைச் சோப்பால் தேய்த்து அழுக்கை எடுத்த பிறகுதான் பிளீச் போட வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது என்றார்கள். அப்படியே இரண்டு முறை செய்தேன்.

ஆமை இப்போது சின்னக் குழந்தைகள் இல்லாத நண்பர் வீட்டில் இருக்கிறது. தொட்டியோடு, அதைக் கழுவுவதற்கென்றே ஒரு பக்கெட்டும் பிரஷ்ஷும் வாங்கிக் கொடுத்தேன்.